சிவப்புச் சட்டையோடு வாஷிங்டனில்: ஒரு கூடைப்பந்து ரசிகனின் பயணக் குறிப்புகள்

மார்ச் 12, 2024, செவ்வாய்: கேரியிலிருந்து வாஷிங்டன்

வட கரோலினாவில் எங்கள் கேரி பக்கத்துக்குக் குடிவந்தவர்களிடம் முதலில் கேட்கப்படுவது வேலையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அல்ல. எந்தக் கல்லூரி அணி, டியூக்கா, கரோலினாவா, ஸ்டேட்டா? டர்ஹம், சேப்பல் ஹில், ராலே ஆகிய மூன்று ஊர்களும் அரை மணி நேரக் கார் பயணத்துக்குள் இருக்கின்றன. மூன்றிலும் அதே வரிசையில் இந்தப் பெரிய பல்கலைக்கழகங்கள், மூன்றும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற ஒரே லீக்கில். நான் ராலேயில் உள்ள என்.சி. ஸ்டேட்டில் முதுகலை படித்தவன். அதனால் சிவப்புச் சட்டை. இந்த லீக்கை எல்லாரும் ஏ.சி.சி. என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பருவம் எங்களுக்கு நன்றாகப் போகவில்லை. இருபது லீக் ஆட்டங்களில் 9 வெற்றி, 11 தோல்வி. கடைசி நான்கையும் வரிசையாகத் தோற்று, பதினைந்து அணிகளில் பத்தாவது இடம். பயிற்சியாளர் கெவின் கீட்ஸை மாற்ற வேண்டும் என்ற பேச்சு ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஏ.சி.சி.யில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: பருவம் முடிந்ததும் ஒரே வாரத்தில் நடக்கும் கோப்பைப் போட்டிக்குப் பதினைந்து அணிகளும் வரலாம். முதல் நான்கு இடங்கள் வியாழன் வரை ஓய்வெடுக்கும், ஐந்து முதல் ஒன்பது வரை புதனன்று இறங்கும், மற்றவை செவ்வாயே தொடங்க வேண்டும். அந்தச் செவ்வாய்க் கும்பலில் எங்கள் அணி. கோப்பை வேண்டுமென்றால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வெல்ல வேண்டும். ஏ.சி.சி.யில் யாரும் அதைச் செய்ததில்லை. 2011-இல் பிக் ஈஸ்ட் லீக்கில் கனெடிகட் அணி செய்தது.

புதன் இரவு வரைதான் விடுப்பு எடுத்திருந்தேன். அதிகாலையில் கிளம்பி, வர்ஜீனியா எல்லை தாண்டியதும் சாலையோர ஓய்விடம் ஒன்றில் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். பக்கத்து மேசையில் இருந்த வயதான தம்பதி என் சட்டையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் இதற்காகவா போகிறீர்கள்?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்கள். ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம் வழக்கமான நெரிசல். தங்கல் வாஷிங்டன் புறநகரான ஹெர்ண்டனில், கல்லூரி நண்பன் வீட்டில். அவனுடைய அம்மா கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "தம்பி, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆட்டம் எங்கே ஓடிவிடும்?" என்று தயிர்சாதமும் மாவடுவும் வைத்துவிட்டார்.

ஹெர்ண்டனிலிருந்து மெட்ரோ ரயில், நடுவில் ஒரு மாற்று வண்டி, கேலரி பிளேஸ் நிலையத்தில் மேலே ஏறினால் கேப்பிட்டல் ஒன் அரங்கு. டிக்கெட் 18 டாலர். அரங்கில் பாதிக்கு மேல் காலி. எதிரணி லூயிவில், லீக்கில் மூன்றே ஆட்டம் வென்று கடைசி இடத்தில் இருந்தது. 94–85 என்று வென்றோம். அந்தக் கணக்கு காட்டுவதை விட அதிகமாகத் திணறினோம். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு லூயிவில் ரசிகர் தன் பேரனோடு கடைசி மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு திரும்பி எங்கள் வரிசையில் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். தோற்ற ஊரின் மரியாதை எப்போதும் என்னைக் கலங்கடிக்கும்.

மார்ச் 13, புதன்: சைனா டவுன்

பகலில் அரங்கைச் சுற்றி நடந்தேன். தெருவின் குறுக்கே பெரிய வண்ண வளைவு இருக்கிறது, 1986-இல் கட்டியது. வளைவு இருக்கிற அளவுக்கு அடியில் சீனக் கடைகள் இல்லை. மிஞ்சிய ஒரு கடையில் 14 டாலருக்கு நூடுல்ஸ் சாப்பிட்டேன். கடைக்காரரின் கவலை வேறு. அரங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அலெக்சாண்ட்ரியாவுக்குக் கொண்டுபோகப் போவதாக உரிமையாளர் டிசம்பரில் அறிவித்திருக்கிறார். "ஆட்டம் இருக்கிற இரவில்தான் எனக்கு வாடகை வருகிறது," என்றார் கடைக்காரர். கூட்டத்துக்கு நடுவே கண்ணாடிக் கதவை அவரே பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் வழிவிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அணி தொடர்ந்து வென்றால் அவருக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு சிராக்யூஸ் அணியோடு ஆட்டம். ஜிம் போஹைம் 47 பருவங்கள் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற பிறகு அவர்களுக்கு இது முதல் ஆண்டு. சில வாரங்களுக்கு முன்புதான் ராலேயிலேயே எங்களை வென்றார்கள். இன்று 83–65, எங்கள் பக்கம். அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் காலேஜ், ஆறாம் இடத்துக் கிளெம்சனை 76–55 என்று உரித்துவிட்டது. பதினோராம் இடத்து அணி அது! இதைப் பார்த்துவிட்டும் "கீழே இருப்பவர்களை ஏன் கூப்பிட வேண்டும்" என்று ஒருவர் கேட்டால் அவருக்குக் கூடைப்பந்து பிடிக்காது என்று அர்த்தம்.

எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. பட்டியலில் பத்தாவது என்பதே நேர்மையான கணக்கு அல்ல. ஒவ்வோர் அணிக்கும் எதிரிகள் பதினான்கு, ஆட்டங்களோ இருபது. ஆறு அணிகளோடு இரண்டு முறை, எட்டு அணிகளோடு ஒருமுறை மட்டுமே மோதுகிறார்கள். எங்களுக்குக் கரோலினாவோடு இரண்டு, டியூக்கோடு ஒன்றுதான். ஒருவனுக்கு எளிய எதிரி இரண்டு முறை, இன்னொருவனுக்குக் கடினமான எதிரி இரண்டு முறை. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்ட், கலிபோர்னியா, எஸ்.எம்.யு. ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் லீக்கில் சேர்கின்றன. பதினெட்டு அணிகள் வந்தால் பட்டியல் இன்னும் கோணலாகும். அந்தக் கோணலைச் சரிசெய்ய இருக்கிற ஒரே வாரம் இதுதான். எண்ணிக்கை கூடிவிட்டது என்று சொல்லி யாரையும் வெளியே நிறுத்திவிடக் கூடாது.

ஆட்டம் முடிந்து வெளியே வந்து அலுவலகத்துக்கு எழுதினேன். வியாழனுக்கும் விடுப்பு கிடைத்தது.

மார்ச் 14, வியாழன்: டியூக்

மார்ச் நடுவிலேயே வெயில் 25 டிகிரியைத் தாண்டியது. நான் கொண்டுவந்ததோ கம்பளிச் சட்டை. நண்பனின் அம்மா என் சிவப்புச் சட்டையைத் துவைத்து, மொட்டை வெயிலில் கொடியில் போட்டு, மதியத்துக்குள் மடித்துக் கொடுத்தார்.

மதிய உணவுக்கு ஒன்பதாம் தெருப் பக்கம் எத்தியோப்பிய உணவகம். இன்ஜெரா, டெஃப் என்ற தானியத்தின் புளித்த மாவில் ஊற்றியது, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த ஆப்பம் போலத் துளைதுளையாக இருந்தது. அதன்மேல் காரமான பருப்பு, கீரை, முட்டைக்கோஸ். 17 டாலருக்கு இரண்டு பேர் சாப்பிடலாம். பரிமாறிய பெண்மணி நான் கையால் பிய்ப்பதைப் பார்த்ததும் எடுத்துவந்த முள்கரண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு இன்னொரு இன்ஜெராவைக் கேட்காமலே சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

மாலையில்தான் தொல்லை. தொலைபேசியில் வாங்கிய டிக்கெட் வாசலில் திறக்கவில்லை. பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை மட்டும் கேட்டது. உள்ளே ஆரவாரம் எழும்பும்போதெல்லாம் வெளியே எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாசலில் நின்ற ஊழியப் பெண் ஒருவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், என் தொலைபேசியை வாங்கி, செயலியை நீக்கி, மறுபடி ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிப் பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்தார். "நீங்கள் எந்த அணி?" என்று கேட்டேன். "நான் ஜார்ஜ்டவுன்," என்றார். எங்கள் லீக்கே இல்லை.

உள்ளே போனபோது ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. பக்கத்து இருக்கையில் ராலேயிலிருந்து வந்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், நோன்பிருந்தார். ரமலான் மாதம் இந்த வாரம்தான் தொடங்கியது. எங்கள் அணியில் முகமது டியாராவும் நோன்பு. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, இரவில் வந்து பந்துக்காக எகிறுகிறான் அந்தப் பையன். ஏழேகால் மணி வாக்கில் ஓட்டுநர் கைக்குட்டையைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார், இன்னொன்றை என் கையில் வைத்தார். கண்ணை மட்டும் ஆட்டத்தை விட்டு எடுக்கவில்லை.

டியூக் இரண்டாம் இடத்து அணி. இரண்டு நாள் ஓய்வெடுத்து வந்தவர்கள். பத்து நாளுக்கு முன் ராலேயில் எங்களை 79–64 என்று வென்றவர்கள். ஓய்வு பெரிய சாதகம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த அரங்கின் வளையத்துக்கு எங்கள் பையன்களின் கை பழகிவிட்டது, டியூக்குக்கு இன்னும் பழகவில்லை. எங்கள் டி.ஜே. பர்ன்ஸ் வளையத்துக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்குவான். 125 கிலோ உடம்பு. தோளால் ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு, பிறகு நடனக்காரன் மாதிரி ஒரு திருப்பு, இடது கையால் மெல்ல உள்ளே விடுவான். இரண்டு பேர் சூழ்ந்தால் யாருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். அத்தனை பெரிய உடம்பில் அத்தனை மென்மையான விரல்களை நான் வேறு எந்த ஆட்டக்காரனிடமும் பார்த்ததில்லை. 74–69. மேல்தளத்தில் இருந்த கரோலினா ரசிகர்கள்கூட எங்களுக்காகக் கைதட்டினார்கள். டியூக் தோற்கிறது என்றால் அவர்களுக்கும் திருவிழாதான்.

மார்ச் 15, வெள்ளி: ஸ்டம்பி, வர்ஜீனியா

அலுவலகத்திலிருந்து மேலாளரே எழுதியிருந்தார்: "சனிவரை இருந்துவிட்டு வாருங்கள்." அவர் கரோலினாவில் படித்தவர்.

காலையில் டைடல் பேசின் ஏரிக்கரை. 1912-இல் டோக்கியோ நகரம் பரிசாகக் கொடுத்த செர்ரி மரங்களின் வழிவந்தவை, இந்த ஆண்டு சீக்கிரமாகவே பூத்துவிட்டன. கூட்டமெல்லாம் ஒரு குட்டை மரத்தைச் சுற்றித்தான். ஸ்டம்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடிமரம் முழுக்கப் பொந்து, பட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் உச்சியில் ஒரு கொத்து பூ. கரைச்சுவரைச் செப்பனிட வேண்டியிருப்பதால் இதையும் வெட்டப்போவதாக இந்த வாரம் அறிவித்திருக்கிறார்கள். ஒரு சிறுமி அதன் வேருக்கருகே கையால் வரைந்த வாழ்த்தட்டை ஒன்றை வைத்தாள். அவளுடைய அப்பா கூட்டத்தை விலக்கி, நான் படமெடுக்க இடம் பிடித்துக் கொடுத்தார். திரும்பும் வழியில் இரண்டு தண்ணீர் பாட்டில் 8 டாலர். அநியாயம்.

இரவு ஒன்பதரைக்கு மேல் வர்ஜீனியா ஆட்டம். பயிற்சியாளர் டோனி பென்னட்டின் அணியை எதிர்த்து ஆடுவது சேற்றில் ஓடுவது. பந்தை நிதானமாகச் சுற்றி, நேரத்தைத் தின்று, எதிரியை ஐம்பது அறுபது புள்ளியில் அடக்குவார்கள். எங்கள் கேஸி மோர்செல் முதலில் வர்ஜீனியாவில் ஆடியவன், அதோடு இந்த வாஷிங்டன் ஊர்ப் பையன். அணி மாறும் விதி தளர்ந்த பிறகு கல்லூரிக் கூடைப்பந்து கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் புலம்புகிறார்கள். எங்கள் அணியே வேறு வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்களால் ஆனது: பர்ன்ஸ் வின்த்ரோப்பிலிருந்து, டியாரா மிசூரியிலிருந்து, மிடில்புரூக்ஸ் கிளெம்சனிலிருந்து. டி.ஜே. ஹார்ன் அரிசோனா ஸ்டேட்டை விட்டுச் சொந்த ஊரான ராலேக்கே திரும்பியவன். ஒரு பிள்ளை தன் ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொள்ள வந்தால் அதில் என்ன கெட்டுப்போகிறது?

ஆட்டம் முடிய ஐந்து விநாடி அளவு. 58–55, வர்ஜீனியா முன்னிலை. அவர்களுக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வளையத்துக்கு எறியும் வாய்ப்பு. முதலாவது போனால்தான் இரண்டாவது கிடைக்கும். முதலாவது வளையத்தில் பட்டு வெளியே வந்தது. மைக்கேல் ஓ'கானல் பந்தோடு முன்னோக்கி ஓடினான். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, ஓட்டத்தின் வேகத்திலேயே எறிந்தான். பந்து கையை விட்டதும் பலகை விளிம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. பந்து பலகையில் பட்டது. உள்ளே விழுந்தது. 58–58.

எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் இருக்கையில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகள் பதறி அவர் முகத்தைத் தொட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். 1987-இல் எங்கள் அணி கடைசியாக இந்தக் கோப்பையை வென்றதும் இதே வாஷிங்டன் ஓரத்தில், லாண்டோவரில்தான். அன்றைக்கு அவர் மாணவனாக அங்கே இருந்தாராம். கூடுதல் நேரத்தில் 73–65. ஓ'கானல் போன ஆண்டு வரை ஸ்டான்ஃபோர்டில் ஆடியவன். அந்த ஸ்டான்ஃபோர்ட் அடுத்த ஆண்டு எங்கள் லீக்குக்கே வரப்போகிறது.

வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஹெர்ண்டன் போகும் கடைசி ரயில் கண்ணெதிரே கதவை மூடியது. டாக்ஸிக்கு 64 டாலர். வீட்டில் விளக்கு எரிந்தது. நண்பனின் அம்மா தூங்காமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பெரிய உடம்புத் தம்பிக்கு மூச்சு வாங்குகிறது, பாவம். நாளைக்கும் ஆட வேண்டுமா?" என்றார். சூடாக ரசம் ஊற்றிக் கொடுத்தார்.

மார்ச் 16, சனி: கரோலினா

எதிரணி யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லீக்கில் 17 வெற்றி, 3 தோல்வி, முதலிடம். லீக்கில் ஆண்டின் சிறந்த வீரர் ஆர்.ஜே. டேவிஸ் அவர்களிடம். பருவத்தில் எங்களை இரண்டு முறையும் வென்றவர்கள். டிக்கெட் 170 டாலர். செவ்வாயன்று 18 டாலருக்குப் பார்த்த அதே மேல்தளம். கொடுத்தேன்.

மெட்ரோவில் ஒரே பெட்டியில் பாதி இளநீலம், பாதி சிவப்பு. வாரக் கடைசிக் கட்டணம் 2 டாலர்தான். ஒரு கரோலினா குடும்பம் எனக்கு இடம் நகர்த்திக் கொடுத்தது. அந்த வீட்டுப் பாட்டிக்கு 1974 இறுதியாட்டம் நினைவிருந்தது. ஸ்டேட் 103, மேரிலாந்து 100, கூடுதல் நேரத்தில். அன்றைக்கு லீக்கின் கோப்பையை வென்ற ஓர் அணிக்கு மட்டுமே தேசியப் போட்டியில் இடம். நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றான மேரிலாந்து வீட்டுக்குப் போனது. அடுத்த ஆண்டே விதியை மாற்றி, ஒரு லீக்கிலிருந்து பல அணிகளுக்கு வழிவிட்டார்கள். ஸ்டேட்டைப் பாட்டிக்குப் பிடிக்காது. ஆனால் ஸ்டேட்டின் அன்றைய வீரன் டேவிட் தாம்சன் குதித்த உயரத்தைச் சொல்லும்போது பாட்டியின் கை ரயில் கூரையைத் தொடப் போயிற்று. மேரிலாந்து 2014-இல் வேறு லீக்குக்குப் போய்விட்டது. இதைத்தான் நான் இழப்பு என்கிறேன். எதிரி என்பவன் காரில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அவன் பாட்டியும் நம் பாட்டியும் ஒரே ரயிலில் உட்கார்ந்து சண்டை போட வேண்டும். கலிபோர்னியாவிலிருந்து எந்தப் பாட்டி ரயிலில் வரப்போகிறார்?

ஆட்டம் எட்டரைக்கு. ஐந்தாவது நாள் கால்கள் தாங்குமா என்றுதான் என் பயம். தாங்கின. ஹார்ன் 29 புள்ளி. ஒவ்வொரு முறை கரோலினா நெருங்கி வந்தபோதும் அவன் ஒரு மூன்று புள்ளியைப் போட்டான். பர்ன்ஸ் 20. டேவிஸ் அந்தப் பக்கம் தனியாளாக 30 அடித்து ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தான். 84–76. கடைசி விநாடிகளில் சிவப்புச் சட்டைகள் எல்லாம் கையைத் தூக்கி விரல்களால் எங்கள் அணியின் சின்னமான ஓநாயின் முகத்தைக் காட்டின. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டோம். பர்ன்ஸ் போட்டியின் சிறந்த வீரன். 37 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை. பத்தாம் இடத்து அணியிடம்.

என் குரல் முழுவதுமாகப் போய்விட்டது. வீட்டுக்குத் தொலைபேசியில் பேச முடியாமல் எழுதித்தான் அனுப்பினேன்.

மார்ச் 17, ஞாயிறு: திரும்பும் வழி

மிளகுக் கஷாயத்தோடு வழியனுப்பினார் நண்பனின் அம்மா. தூறல் இல்லை, நெரிசல் உண்டு. தெற்கே போகும் கார்களில் பாதிக்குச் சிவப்புக் கொடி. ஒன்றையொன்று முந்தும்போதெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டோம்.

மாலை ஆறு மணிக்குத் தேசியப் போட்டிக்கான 68 அணிகளின் பட்டியல். வீட்டுக்குள் நுழைந்து பையைக் கீழே வைக்காமலே பார்த்தேன். கரோலினாவுக்கு முதல் தர இடம், அதாவது மிக வலிமையான அணிகளோடு. டியூக், கிளெம்சன், வர்ஜீனியா உள்ளே. லீக் கோப்பையை வென்ற அணிக்குத் தானாகக் கிடைக்கும் இடத்தில் நாங்கள். மொத்தம் ஐந்து. லீக்கில் 12 ஆட்டம் வென்ற பிட்ஸ்பர்க் வெளியே, 11 வென்ற வேக் ஃபாரஸ்டும் வெளியே. இது தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன். ஏ.சி.சி. பலவீனமாகிவிட்டது என்று பருவம் தொடங்கிய நவம்பரிலேயே முடிவுகட்டிவிட்டு, அதற்குப் பிறகு நடந்த எதையும் தேர்வுக் குழு ஒழுங்காகப் பார்க்கவில்லை. பிட்ஸ்பர்க் வெள்ளிக்கிழமை கரோலினாவோடு ஏழே புள்ளி வித்தியாசத்தில் போராடியதை நான் அரங்கில் இருந்து பார்த்தேன். 68 இடங்களில் அவர்களுக்கு ஒன்றுகூட இல்லையாம்! வேக் ஃபாரஸ்ட் பிப்ரவரியில் டியூக்கையே வென்ற அணி.

எங்களுக்குப் பதினோராம் தர இடம். வியாழனன்று டெக்சஸ் டெக் அணியோடு ஆட்டம். ஊர்? அதே பிட்ஸ்பர்க். கேரியிலிருந்து எட்டு மணி நேர ஓட்டம். வண்டிக்கு எண்ணெய் மாற்ற நாளைக் காலைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.